நம் பகுதியில் ஓர் அடுப்பு எரிய வேண்டும்

பேக்கரித் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் புதிய கேக் வகைகளைப் பற்றியும், புளித்த மாவு பிரெட்டுக்கு வந்திருக்கும் மவுசைப் பற்றியும், இன்ஸ்டாகிராமில் அழகாகத் தெரியும் கடைகளைப் பற்றியுமே பேசுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பகுதிகளில் வாழும் நமக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. காலையில் பிள்ளையின் பள்ளிக்கூட டப்பாவுக்குள் போகிற பிரெட்டை யார் சுடுகிறார்கள், எங்கே சுடுகிறார்கள், அந்த இடத்திலிருந்து அது நம் வீட்டுக்கு எந்தச் சாலை வழியாக வந்து சேருகிறது என்பதுதான் அந்தக் கேள்வி. சாட்ஸ்வொர்த்தில் சில சிறு கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் நான் கணக்கெழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பேரேடுகளைப் பார்த்துப் பார்த்து என்னுள் உறுதிப்பட்டுவிட்ட கருத்து இது: ஒவ்வொரு பகுதியிலும் அன்றாட பிரெட்டைச் சுடும் சிறு பேக்கரி ஒன்றாவது நிலைத்திருக்க வேண்டும், அதை ஆடம்பரக் கடையாக எண்ணாமல், குடிநீர்க் குழாயைப் போன்ற அடிப்படை வசதியாக அரசும் நாமும் கருத வேண்டும்.

2021 ஜூலை மாதத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குச் சென்ற பிறகு வெடித்த கலவரத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் கௌட்டெங் மாகாணத்திலும் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஃபீனிக்ஸில் நடந்த கொலைகளின் காயம் இன்னும் ஆறவில்லை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். உணவைப் பொறுத்தவரை அந்த வாரம் நமக்குக் காட்டியது ஒன்றுதான். ஜோஹன்னஸ்பர்க்கை நோக்கிச் செல்லும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டதும், துறைமுக வேலை தடைப்பட்டதும், கிடங்குகள் கொள்ளை போனதும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தபோது, இத்தனை பெரிய நகரம் இரண்டே நாட்களில் பிரெட்டுக்கு வரிசையில் நின்றது. மாவு இல்லாமல் போனதைவிட, சுட்ட பிரெட்டை ஏற்றிக்கொண்டு லாரிகள் வர முடியாமல் போனதே முதல் நாட்களின் பெரிய சிக்கலாக இருந்தது. எங்கள் பகுதியில் ஒரு சிறு பேக்கரி, கையிருப்பில் இருந்த மாவு மூட்டைகள் தீரும்வரை இரவும் பகலும் சுட்டது. குடும்பத்துக்கு இரண்டு என்று அளந்து, வழக்கமான விலையில் ஒரு சென்ட்கூட ஏற்றாமல், வரிசையில் நின்ற எல்லாருக்கும் விற்றார்கள். தெருவைக் காத்து நின்ற இளைஞர்கள் அந்த பேக்கரியின் வாசலையும் சேர்த்துக் காத்தார்கள். அந்தக் கடையின் அந்த மாதக் கணக்கை நான்தான் எழுதினேன்; விற்பனை ஏறியிருந்தாலும் டீசல் செலவும் கூடுதல் நேரக் கூலியும் அதை விழுங்கிவிட்டிருந்தன. அப்படி நமக்குச் சோறு போட்ட கடைகள் சாதாரண நாட்களில் எப்படிப் பிழைக்கின்றன என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

இந்த நாட்டில் பிரெட் தொழில் ஒரு சில கைகளில் குவிந்திருப்பது தற்செயலாக நடந்ததன்று. 1991 வரை பிரெட்டின் விலையையும் மானியத்தையும் அரசே தீர்மானித்து வந்தது. யார் சுடலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. நிற ஒதுக்கல் சட்டங்களால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் பெயர்த்து எறியப்பட்ட நம் முன்னோருக்கு, அந்த ஏற்பாட்டுக்குள் இடம்பிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1991இல் கட்டுப்பாடு நீங்கியது, 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கோதுமை வாரியமும் கலைக்கப்பட்டது, சிறு பேக்கரிகள் பெருகத் தொடங்கின. ஆனால் கதவைத் திறந்துவிட்ட அரசு களத்தைச் சமப்படுத்தவில்லை. மாவு ஆலையும் பேக்கரியும் விநியோக லாரியும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, அந்நிறுவனத்திடம் மாவு வாங்கி அந்நிறுவனத்தோடே போட்டியிடும் சிறியவரின் நிலை என்னவாகும்?

2006 டிசம்பரில் மேற்குக் கேப் மாகாணத்தின் பிரெட் விநியோகஸ்தர்கள், பெரிய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் விலையை ஏற்றித் தங்களுக்குக் கொடுத்துவந்த தள்ளுபடியைக் குறைத்ததைக் கண்டு புகார் செய்தார்கள். போட்டி ஆணையம் விசாரித்தபோது, கூடிப் பேசி விலை வைத்தது வெளியே வந்தது. பிரீமியர் ஃபுட்ஸ் உண்மையைச் சொல்லித் தண்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. டைகர் பிராண்ட்ஸ் 2007இல் ஏறத்தாழ 99 மில்லியன் ராண்ட் கட்டியது. பயனியர் ஃபுட்ஸுக்கு 2010 பிப்ரவரியில் போட்டித் தீர்ப்பாயம் 195.7 மில்லியன் ராண்ட் தண்டம் விதித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அந்நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வேளாண் பதப்படுத்தும் துறையில் சிறு தொழில்களை வளர்க்க 250 மில்லியன் ராண்டில் ஒரு நிதி அமைக்கப்பட்டது. ஏழையின் தட்டிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதியைச் சிறு உற்பத்தியாளரிடம் திருப்பிச் சேர்க்கலாம் என்ற அந்த எண்ணத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அது தொடர்கொள்கையாக வளரவில்லை என்பது என் வருத்தம்.

விலைக்கு வருவோம். தென்னாப்பிரிக்கா உண்ணும் கோதுமையில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 1980களில் 20 லட்சம் ஹெக்டேரை ஒட்டி இருந்த கோதுமைப் பரப்பு இன்று ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. மானாவாரியாகக் கோதுமை விளைந்த ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் உழவர்களில் பலர் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் மாறிவிட்டார்கள். ஆகவே உள்நாட்டில் விளைந்த கோதுமைக்கும் டாலர் விலையே அளவுகோல். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது, சாட்ஸ்வொர்த்தின் பேக்கரிக்காரர் மாவுக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் சேர்த்து அதன் விலையைக் கொடுத்தார். உலக விலை இறங்கும்போதாவது அவருக்கு மூச்சு விட முடிகிறதா என்றால் அதுவும் முழுமையாக இல்லை. உள்நாட்டு உழவரைக் காக்கும் பொருட்டு, உலக விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இறக்குமதி வரி தானாகவே உயரும்படி ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். உழவரைக் காப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்தச் சுமையை மொத்தமாக மாவு வாங்கிக் கிடங்கில் வைக்க வசதியுள்ள ஆலையும், வாரத்துக்கு வாரம் மூட்டை வாங்கும் சிறு கடையும் ஒரே விதமாகச் சுமக்க முடியாது என்பதையே சொல்கிறேன்.

வரியைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிரவுன் பிரெட்டுக்கு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி இல்லை. வெள்ளை பிரெட்டுக்கு 15 விழுக்காடு உண்டு. வரி 14இலிருந்து 15ஆக உயர்ந்த 2018இல் அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. வெள்ளை பிரெட்டுக்கும் வரியை நீக்கலாம் என்று பேராசிரியர் இங்கிரிட் வூலார்ட் தலைமையிலான அந்தக் குழு பரிந்துரைத்தது. 2019 ஏப்ரலில் வெள்ளை மாவுக்கும் கேக் மாவுக்கும் வரி நீங்கியது. பிரெட் மட்டும் விடுபட்டது. மாவை வாங்கி வீட்டில் சுடுகிறவருக்கு வரி இல்லை, அதிகாலையில் வேலைக்குப் போகும் வழியில் சுட்ட பிரெட்டை வாங்குகிற துப்புரவுத் தொழிலாளிக்கு வரி உண்டு என்பது எந்த நியாயம்? வரியை நீக்கினால் 115 ராண்ட் கொடுக்கும் இடத்தில் 100 ராண்ட் கொடுத்தால் போதும். வாட் பதிவு பெற்ற சிறு பேக்கரி, மின்சாரத்துக்கும் பொட்டலத் தாளுக்கும் தான் செலுத்திய வரியை அப்போதும் திரும்பப் பெறலாம். டர்பனில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் நம் ஊரின் அடையாளமான பன்னி சௌ வெள்ளை பிரெட்டில்தான் நிற்கிறது. வெட்டாத பிரெட்டை நான்கில் ஒரு பங்காகவோ பாதியாகவோ அறுத்து, உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியைக் குடைந்தெடுத்துக் குழம்பை ஊற்றும்போது, சுவர் கரையாமல் நிற்க வேண்டும். அதற்கு ஓரம் திடமாக வெந்த, அன்றைக்கே சுட்ட, இயந்திரம் வெட்டித் தாளில் அடைக்காத பிரெட் வேண்டும். பீன்ஸ் குழம்பு பன்னி விற்கும் கடைகள் பலவும் அதற்காகப் பக்கத்திலுள்ள சிறு பேக்கரியைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த பேக்கரி மூடினால் இந்தக் கடையும் ஆட்டம் காணும்.

பேரங்காடிகளின் போட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷாப்ரைட் தன் கடைகளிலேயே சுட்ட 600 கிராம் பிரவுன் பிரெட்டை 2016 முதல் பல ஆண்டுகள் 5 ராண்டுக்கே விற்றுவந்தது. பசித்தவருக்கு அது பெரும் உதவி. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மற்றப் பொருள்களின் இலாபத்தில் பிரெட்டின் நட்டத்தை ஈடுகட்ட வல்லவரோடு, பிரெட்டை மட்டுமே நம்பி வாழ்கிறவர் விலையில் மோதவே முடியாது.

மின்சாரமும் தண்ணீரும் சிறியவரை இன்னொரு விதத்தில் அடித்தன. 2023ஆம் ஆண்டில் லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு இல்லாத நாட்களை எளிதில் எண்ணிவிடலாம். பிசைந்த மாவுக்கு அரசு மின் நிறுவனமான எஸ்கோமின் அட்டவணை தெரியாது. ஈஸ்ட் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஓவனுக்குள் போக வேண்டிய நேரத்தில் மின்சாரம் போனால் மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, தாங்கும் வலுவை இழந்து, நடுவில் அமுங்கிப் போகும். அதை மறுபடி பிசைந்தாலும் பழைய தரம் வராது. பெரிய ஆலைக்கு ஜெனரேட்டர் ஒரு முதலீடு, சிறு கடைக்கோ அது கடன். உணவு உற்பத்தியாளருக்கு டீசல் வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சலுகை 2023 ஏப்ரலில் தொடங்கியபோது, நான் கணக்கெழுதும் சிறு கடைகளில் அதைக் கோரும் அளவுக்கு ஆவணம் வைத்திருந்த கடை ஒன்றுகூட இல்லை. 2024 மார்ச் இறுதியிலிருந்து மின்வெட்டு பெரிதும் தணிந்தது உண்மைதான். ஆனால் எஸ்கோமின் கட்டணம் 2023இல் 18.65 விழுக்காடும், 2024இல் 12.74 விழுக்காடும், 2025இல் 12.7 விழுக்காடும் ஏறியது. டோங்காட்டின் கதை இன்னும் கொடியது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, ஊர் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தது. தண்ணீர் இல்லாமல் மாவு பிசைய முடியாது.

உப்பு விதியை மட்டும் நான் சுமையாகக் கருதவில்லை. 100 கிராம் பிரெட்டில் சோடியம் 2016 ஜூன் முதல் 400 மில்லிகிராமையும், 2019 ஜூன் முதல் 380 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. உப்பு குறைந்தால் மாவு பிசுபிசுக்கும், விரைவாகப் பொங்கும், கைப்பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஆயினும் இரத்தக் கொதிப்பு வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்துக்கு அது தேவையான கட்டுப்பாடு.

புதிய போக்குகளில் எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது முட்டையில்லாத கேக். 2023இன் பிற்பகுதியில் பறவைக் காய்ச்சலால் கோழிகள் இலட்சக்கணக்கில் அழிந்து, கடைகளில் ஆளுக்கு இத்தனை முட்டை என்று அளவு வைத்தபோது, நாடு முழுவதும் பேக்கரிகள் திணறின. அது புரட்டாசி விரதம் நடக்கும் காலம். நம் பெண்கள் தலைமுறைகளாகப் புரட்டாசிக்கும் காவடிக்கும், கெட்டிப்பாலும் தயிரும் வினிகரும் சோடா மாவும் சேர்த்துச் செய்துவந்த கேக்கைச் சில கடைகள் அந்த மாதங்களில் எல்லாருக்கும் விற்றன. வாங்கியவர்களில் பலர் விரதம் என்பதையே அறியாதவர்கள். இந்த அறிவு நம்மிடம் எழுதப்படாமல் கிடக்கிறது. அளவோடு எழுதி, சோதித்து, பெயரோடு விற்றால் அது ஒரு கடையைக் காப்பாற்றும்.

வீட்டிலிருந்தே சுட்டு வாட்ஸ்அப்பில் விற்கும் சகோதரிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும், அன்போடு சொல்கிறேன். தீபாவளிக்கு நீங்கள் கொடுக்கும் கஸ்டர்டு பிஸ்கட்டின் விலையில் வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் இருக்கின்றன. உங்கள் உழைப்பு இல்லை, மின்சாரக் கட்டணமும் இல்லை. நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டாக நிர்ணயிக்கப்பட்டது. நீங்கள் நின்ற மணி நேரங்களை அதனால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையைச் சேர்க்காமல் விற்கும்போது நீங்களும் நட்டப்படுகிறீர்கள், கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கும் பக்கத்துத் தெரு பேக்கரியும் நட்டப்படுகிறது. இந்த பேக்கரிகளில் அதிகாலை இரண்டு மணிக்கு வந்து நிற்க இளையவர்கள் முன்வராததற்கும் இதே குறைந்த விலைதான் காரணம். உழைப்புக்கு ஏற்ற கூலி கொடுக்க இடமில்லாத தொழிலில் அவர்கள் ஏன் நிற்க வேண்டும்?

கோயில் நிர்வாகக் குழுக்களிடமும் தமிழ்ச் சங்கங்களிடமும் என் வேண்டுகோள் இது. திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் கருமாதி விருந்துகளுக்கும் வாங்கும் பிரெட்டையும் பன்னையும் உங்கள் பகுதியின் சிறு பேக்கரியிலிருந்தே வாங்குவது என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கள்; தொகையில் பாதியை முன்பணமாகப் பதினைந்து நாள் முன்னதாகக் கொடுங்கள், அந்தப் பணத்தில் அவர்கள் மாவை மொத்த விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். வெள்ளை பிரெட்டின் வாட் வரியை நீக்கக் கோரி நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். கணக்கு ஆவணங்களை ஒழுங்குபடுத்த விரும்பும் சிறு பேக்கரிக்காரர்கள் உள்பெட்டியில் எழுதினால், சனிக்கிழமை பிற்பகல்களில் கட்டணம் இல்லாமல் உட்கார்ந்து உதவுகிறேன். வரும்போது மின்கட்டண ரசீதுகளையும் மாவு வாங்கிய பில்களையும் எடுத்து வாருங்கள்.