மால்கம் யங்கின் ‘ரகசிய ஒலிப்பதிவு’: உண்மை விளக்கம்
பிரிக்பீல்ட்ஸ் ராக் ரசிகர்களின் புலனக் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: ஆஸ்திரேலிய ராக் இசைக்குழு ஏசி/டிசியின் ‘பவர் அப்’ (2020) ஆல்பத்தில் ரிதம் கிட்டார் வாசித்தவர், அக்குழுவை நிறுவியவர்களில் ஒருவரான மறைந்த மால்கம் யங்தானாம்.

தவறு. மால்கம் காலமானது 2017 நவம்பரில். ஒலிப்பதிவு தொடங்கியது 2018இல், வான்கூவரில். வாசித்தவர் அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி யங். குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 12 பாடல்களையும் இயற்றியவர்களாக மால்கம், அவருடைய தம்பி அங்கஸ் இருவர் பெயர்களுமே போடப்பட்டிருக்கின்றன. மால்கம் உயிரோடிருந்தபோது சேர்ந்து அமைத்த மெட்டுகளிலிருந்து அவை பிறந்தன. சிடி உறைக்குள் இருக்கும் கையேட்டைப் புரட்டினால் போதும். பொடி எழுத்து, கண்ணாடி தேவைப்படலாம். சித்தப்பாவின் வலக்கை வீச்சை அப்படியே கொண்டுவந்தது ஸ்டீவியின் உழைப்பு. அதை ஏன் பறிப்பானேன்?

குரல்பதிவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியவர்கள் அதே குழுவில் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.