முத்திரை குத்தாத ரிக்கற்

கொக்குவிலுக்குத் திரும்பி மூன்று கிழமையாகிறது, இன்னும் மனம் ஆறவில்லை. நானும் இவரும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு ஐரோப்பா சுற்றப் போனோம். ஷெங்கன் விசாவுக்கே ஆளுக்கு 90 யூரோ. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது.

இத்தாலியில் புளோரன்ஸிலிருந்து பைசாவுக்கு உள்ளூர் ரயில். வரிசையில் நின்று, காசு கொடுத்துத்தான் ரிக்கற் எடுத்தோம். பாதி வழியில் பரிசோதகர் வந்தார். ஏறுவதற்கு முன் மேடையில் இருக்கிற சின்ன இயந்திரத்துக்குள் ரிக்கற்றை நுழைத்து நேரம் அச்சடித்திருக்க வேண்டுமாம். அச்சடிக்கவில்லை என்றால் ஆளுக்கு 50 யூரோ தண்டம்!

காரணம் விளங்குகிறது. அந்தக் காகித ரிக்கற்றில் எந்த ரயில் என்று இருக்காது, அச்சு விழாவிட்டால் அன்றைக்கே இன்னொரு தரம் பாவிக்கலாம். சரி. ஆனால் புதிதாக வருகிற ஒருவருக்கு அதை யார் சொல்வது? ரிக்கற் தந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஊரில் யாழ்தேவி ரயிலில் போய்ப் பழகிய எங்களுக்கு, கையில் ரிக்கற் இருந்தால் போதும் என்றுதான் தெரியும். கள்ளரைப் பார்ப்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“விடும், கட்டிப்போட்டுப் போவம்” என்றார் இவர். கட்டினோம். பைசாக் கோபுரத்தில் ஏற வைத்திருந்த காசும் அதோடு போனது. கீழே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.