துணி துவைக்க இவ்வளவு சாமான் எதற்கு?

மாதச் சாமான் லிஸ்டில் துவைக்கிற கணக்கை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். பவுடர், அதற்குமேல் லிக்விட், காலருக்குத் தனி சோப்புக்கட்டி, சொட்டு நீலம், வாசனைக்கு கண்டிஷனர், "கிருமி போக" ஒரு கிருமிநாசினி, வெள்ளைக்கு ப்ளீச், பீரோவில் போட அந்துருண்டை. இதில் அழுக்கை எடுப்பது முதல் இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் நம் கண்ணுக்கும் மூக்குக்கும். பச்சை இலை போட்ட "இயற்கை" பாக்கெட்டுக்கு மாறலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: மாறுவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் குறையுங்கள்.

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று நம் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அழுக்கைப் பிரிப்பது தண்ணீரில் கரைந்த சோப்பு. மேலே மிதக்கிற நுரைக்கு அதில் பெரிய வேலை கிடையாது. ஃப்ரன்ட் லோட் மெஷினில் நுரை அதிகமானால் துணி புரண்டு மோதுவதே குறைந்து அழுக்கு தங்கிவிடும். சந்தேகமா? துவைத்துக் காய்ந்து மடித்து வைத்த டவல் ஒன்றை எடுத்து, பவுடரே போடாமல் வாளித் தண்ணீரில் கசக்குங்கள். தண்ணீர் கலங்கி நுரை கட்டினால் அது போன தடவை போட்ட பவுடர். பிள்ளைக்கு ஜட்டி எலாஸ்டிக் படுகிற இடத்திலும் அக்குளிலும் அரிப்பு என்று டாக்டரிடம் போகும்போது இதையும் சொல்லுங்கள்.

போர் தண்ணீர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். அந்தத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும், கொஞ்சம் கூடத்தான் வேண்டும். அதற்காக ஸ்கூப்பைக் குவித்துக் கொட்ட வேண்டியதில்லை. இப்போது போடுவதில் பாதி போட்டுப் பாருங்கள், காலர் போகவில்லையென்றால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மிச்சம் எங்கே போகிறது என்று பார்க்க ஓசூர் போனால் போதும். பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, கெலவரப்பள்ளி அணையைத் தாண்டும்போது நுரை மலையாகக் குவிகிறது. தொழிற்சாலைக் கழிவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் வீட்டுச் சாக்கடை ஒன்றும் நிரபராதி இல்லை. சென்னையில் 2019 நவம்பர் கடைசியில் மழைக்குப் பிறகு பட்டினப்பாக்கம் கரையெல்லாம் வெள்ளை நுரை. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். பவுடரில் பாஸ்பேட் இருந்தால் அது ஏரியில் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரம். ஐரோப்பிய ஒன்றியம் 2013-லேயே வீட்டுச் சலவைப் பவுடரில் அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டது. நாம் பாக்கெட்டைத் திருப்பி "பாஸ்பேட் இல்லை" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம்.

பளிச் வெண்மை பெரும்பாலும் ஒரு சாயம்தான். புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். மஞ்சள் மறையும், அழுக்கு இருந்த இடத்தில் இருக்கலாம். கண்டிஷனர் இழைமேல் வழவழவென்று ஒரு பூச்சு, டவல் ஈரம் இழுக்காது. செப்டிக் டேங்க் வைத்த வீட்டில் கிருமிநாசினி வேண்டவே வேண்டாம், அந்த டேங்கை நடத்துவதே பாக்டீரியாதான். காய்ச்சல்காரர் துணியைத் தனியாக வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் போட்டாலே போதும்.

இனி இயற்கைக் கட்சி. பூந்திக்கொட்டை எனக்குப் பிடிக்கும். பட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது, பவுடரின் காரம் பட்டைக் கெடுத்துவிடும். ஆனால் எண்ணெய்க்கறை பிடித்த கைலிக்கு அது போதாது. அதில் நுரை தருகிற சபோனின் மீனுக்கு விஷமும்கூட. கொட்டையை நசுக்கிப் போட்டு மீன் பிடித்த வழக்கமே உண்டு. அதனால் குளத்தில் கொட்டாதீர்கள். வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து ஊற்றச் சொல்லும் ரீல்ஸைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. புளிப்பும் காரமும் அடித்துக்கொண்டு குமிழியாகப் போய்விடும், அவ்வளவுதான்.

சிரிக்க முடியாத கலவை ஒன்று உண்டு. வினிகர், எலுமிச்சைத் தோலும் வெல்லமும் ஊறவைத்த பயோ என்சைம், பாத்ரூம் ஆசிட் எல்லாமே அமில வகை. இவற்றில் எது ப்ளீச்சோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். கையகல ஜன்னல் வைத்த பாத்ரூமில் குனிந்து துவைக்கிறவர் மூச்சில் நேராக ஏறும். ப்ளீச் போட்டால் ப்ளீச் மட்டும். அதைப் பழைய தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது.

அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். பீரோவில் உருண்டையோடு கிடந்த பழைய சேலையை அப்படியே எடுத்துத் தொட்டில் கட்டுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பிள்ளை இருக்கிற வீட்டில் வசம்பு போடுங்கள், காய்ந்த வேப்பிலை போடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், துணி விஷயத்தில் ஆளைக் கொன்றதாக நான் பேப்பரில் திரும்பத் திரும்பப் படிப்பது கொடிக்கம்பியைத்தான். சர்வீஸ் ஒயர் உரசித் தோல் உரிந்து, இரும்புக் கம்பி முழுக்க கரன்ட். ஈரத்துணியோடு கை வைத்தவர் ஒருவர், காப்பாற்றப் போனவர் இன்னொருவர். கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் கொடி கட்டாதீர்கள் என்று மின்வாரியம் ஒவ்வொரு மழைக்கும் சொல்கிறது, நாமும் கட்டிக்கொண்டே இருக்கிறோம். கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். அது பிளாஸ்டிக்தான், இந்த ஒரு இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். மெஷினுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே சப்ளையை வெட்டிவிடும் சுவிட்ச்) ஒன்று போடுங்கள். அதில் சின்னதாக ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். டப்பென்று விழவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.