போய்ச் சேர இடமே இல்லாத சாலையில் என்ன அவசரம்?

சைக்கிளில் மேடேறும் ஒருவர், பின்னால் கார் ஹாரன் அடித்ததும் சரிந்து விழுகிற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாகிவிட்டது, சிரித்தும் முடித்தாகிவிட்டது. சரிந்து விழுந்த ஆள் நான்தான் என்பதையும் யாரோ புண்ணியவான் டேக் போட்டுச் சொல்லிவிட்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை, பேசிவிடலாம்.

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டூசான் நகரம் பக்கம் சவாரோ தேசியப் பூங்கா என்றதும் குழப்பிக்கொள்கிறார்கள். ஊருக்கு மேற்கே ஒரு துண்டு, கிழக்கே ஒரு துண்டு. நான் சொல்வது கிழக்கே, ரின்கன் மலையடியில் இருக்கும் தார்ச்சாலை. 8 மைல், பெரும்பகுதி ஒருவழி. முக்கியமாக, அது வட்டச் சாலை. வாசலில் கிளம்பினால் கள்ளிக்காட்டைச் சுற்றிவிட்டு அதே வாசலுக்கு வந்து நிற்கும். அதில் போய் யாரும் ஆபீஸ் சேர முடியாது, பிளைட் பிடிக்க முடியாது. வேடிக்கை பார்க்கவென்றே போட்ட சாலை. அதில் என் முதுகுக்குப் பின்னால் விடாமல் ஹாரன். அண்ணன் அப்படி எங்கே போக வேண்டியிருந்தது? அதே வாசலுக்குத்தானே?

“ரெண்டு பேர் சேர்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டு போனால் ஹாரன் அடிக்கத்தான் செய்வார்கள்” என்று கமென்டில் ஒருவர். தேசியப் பூங்காவுக்குள் ஒருவர் பின் ஒருவராக ஓட்ட வேண்டும் என்பது விதி. நானும் நண்பரும் முதல் மைலில் ஜோடியாகப் போனது தப்பு. சரி, ஒப்புக்கொண்டேன். ஆனால் வீடியோவில் நான் தனியாகத்தானே இருக்கிறேன்? ஜாவலினா பாறை மேட்டில், மூச்சு வாங்க, மிதி மிதியென்று மிதித்துக்கொண்டு?

“ஓரமாகப் போக வேண்டியதுதானே.” ஓரத்தில் என்ன இருக்கிறது என்று காரிலிருந்து இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஜல்லி. அதைத் தாண்டினால் சோயா. மீல்மேக்கர் இல்லை, சோயாக் கள்ளி. லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று வந்து சதையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் முன்பு, ஆரம்பத்திலேயே வருகிற இறக்கத்தில் பிரேக்கை லேட்டாகப் பிடித்து அதன்மேல் சாய்ந்தேன். கையால் பிடுங்கப் போனால் விரலுக்கு மாறிக்கொள்கிறது. பின்னால் வந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து தலைசீப்பை எடுத்து, முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே நெம்பாக நெம்பினார். அன்றிலிருந்து நானும் சீப்பு வைத்திருக்கிறேன். தலையில் முடி இல்லாதவன் சீப்போடு அலைகிறான் என்று அதற்கும் ஒரு மீம் போட்டுக்கொள்ளுங்கள்.

அரிசோனா சட்டப்படி சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 3 அடி இடைவெளி விட வேண்டும். இதைச் சொன்னால், “காரில் வருகிறவர்கள் காசு கொடுத்து வருகிறார்கள்” என்கிறார் இன்னொருவர். ஐயா, நானும் ஓசியில் போகவில்லை. காரில் எத்தனை பேர் ஏறினாலும் மொத்தமாக 25 டாலர். சைக்கிளில் வருகிற ஒற்றை ஆளுக்கு 15 டாலர். தலைக்கு யார் அதிகம் கொடுத்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்களெல்லாம் இன்ஜினியர்கள்தானே.

பூங்காவுக்குப் பெயர் கொடுத்த அந்தச் சவாரோ, ஆள் மாதிரி கை விரித்து நிற்கும் நெட்டைக் கள்ளி, முதல் எட்டு வருடத்தில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் வளரும். பாலோ வெர்டே மாதிரி ஏதாவது ஒரு மரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டுதான் பிழைக்கும். பக்கவாட்டில் ஒரு கை முளைக்க 50லிருந்து 75 வருடம். 1933இல் அந்தக் காட்டைப் பாதுகாப்பில் கொண்டுவந்த பிறகும் 1979 வரை அங்கே மாடு மேய்ந்தது. மிதிபட்ட கள்ளிக் கன்றுகளுக்குப் பதில் முளைத்தவை இப்போதுதான் தலைகாட்டுகின்றன. அவ்வளவு பொறுமையாக நிற்கிற காட்டுக்கு நடுவில் நம்மாளுக்குப் பத்து விநாடி பொறுக்கவில்லை. மேடு முடிந்ததும் நானே ஒதுங்கியிருப்பேன். வட்டச் சாலைதானே!

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. “அண்ணாச்சி, கார் வாங்கக் காசில்லையா?” என்று ஒரு கமென்ட். எங்கள் பக்கத்துப் பையன்தான், பேச்சிலேயே தெரிகிறது. அதற்கு நாற்பது சிரிப்பு. என் தொப்பையையும் டைட் டிரவுசரையும் பற்றி எழுதியதற்கு நானே சிரித்தேன். இதற்குச் சிரிக்க முடியவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். தம்பி, உங்கள் தாத்தா எதில் போனார்?

எங்கள் அப்பா சைக்கிளில் கருப்பட்டி கொண்டுபோய் உடன்குடியில் போட்டவர். தேரிக்காட்டுச் செம்மணலில் சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளத்தான் முடியும். தார் ரோடு வந்ததும் ஏறுவார். கேரியரில் சிப்பம், முன்கம்பியில் நான். பின்னால் லாரி ஹாரன் கேட்டால் போதும், கால் ஊன்றி இறங்கி, வண்டியை மணலுக்குள் இழுத்துக்கொண்டு போய் நிற்பார். லாரி போனதும் திரும்பவும் தள்ளி, திரும்பவும் ஏறுவார். ஏம்ப்பா நாம இறங்கணும் என்று ஒருநாள் கேட்டேன். பேசாமல் வா என்றார்.

வீடியோவை இன்னொரு தரம் பாருங்கள். கார் என்னைத் தொடவே இல்லை. ஹாரன் கேட்டதும் என் இடது கால் தானாகத் தரையைத் தேடுகிறது. ஷூவோ பெடலில் பூட்டியிருக்கிறது. அதனால்தான் அப்படியே சரிந்தேன்.