வெளியிடம் அலங்காரம் இல்லை அண்ணா

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் முன்பள்ளி தேடுபவரிடம், "வெளியே இடம் பார்க்காதீங்க, உள்ளே சறுக்குமரம் இருந்தால் போதும், சட்டமும் கேட்பதில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது சரியில்லை. தென்னாப்பிரிக்க சமூக வளர்ச்சித் துறையின் 2006 வழிகாட்டியிலேயே ஒரு குழந்தைக்கு உள்ளே 1.5 சதுர மீட்டர், வெளியே 2 சதுர மீட்டர் என்று தனித்தனியாக இருக்கிறது. 2022 ஏப்ரலில் முன்பள்ளிகளின் பொறுப்பு அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியது; அதனால் வெளியிடம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 180 நிமிட உடலசைவு சொன்னது. அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். இருபது பிள்ளைகள் இருக்கும் ஒரு அறையில் அது நடக்குமா? "உட்கார், ஓடாதே" என்ற சத்தம்தான் கேட்கும்.

ஆனால் பெரிய முற்றம் இருந்தாலே நல்ல பள்ளி என்றும் இல்லை. டர்பன் வெயிலில் நிழலில்லாத சிமெண்ட் தரை எதற்கு? போய்ப் பார்க்கும்போது ஊஞ்சலுக்குக் கீழே பாருங்கள். புல் செழித்திருந்தால் பிள்ளைகளை வெளியே விடுவதே அபூர்வம். முற்றம் சின்னதாக இருந்து, தினமும் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றால் நான் அதையே எடுப்பேன். வேலியும் கேட்டின் பூட்டும் சரிதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.