எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டாம்

"செம்புக் கம்பியின் எனாமலை முழுவதும் சுரண்டிவிட்டு ஆணியில் சுற்றினால்தான் மின்காந்தம் வலுவாகும், சுவிட்ச் தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு, அதை நம்பிச் செய்யும் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். எனாமல் என்பது மின்சாரம் கடத்தாத பூச்சு; அது போன கம்பியில் நெருக்கமான சுற்றுகள் ஒன்றையொன்று தொடுவதால், மின்னோட்டம் ஆணியைச் சுற்றி வராமல் குறுக்கே பாய்ந்துவிடும். காந்தத்துக்கு வலுவூட்டுவதோ அந்தச் சுற்றுகள்தாம். 1825-இல் மின்காந்தத்தை முதலில் செய்துகாட்டிய ஆங்கிலேயர் வில்லியம் ஸ்டர்ஜன் வெறுங்கம்பியைத்தான் பயன்படுத்தினார் என்றாலும், இரும்புக்கு வார்னிஷ் பூசி, இடைவெளி விட்டே சுற்றினார். பின்னர் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி கம்பிக்கே காப்புறை இட்டதால்தான் நெருக்கமாகப் பல அடுக்குகள் சுற்ற முடிந்தது.

காரைக்குடியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் மீந்த கம்பியை வாங்கி வந்து, வீட்டு வளவில் உட்கார்ந்து நானும் என் மகளும் இதைச் செய்தோம். இரு முனைகளில் மட்டும் ஓர் அங்குலத்துக்கு, செம்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தோம். 60 சுற்று, ஒரே ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. சுவிட்சை அழுத்தியதும் குண்டூசிகள் கொத்தாக ஒட்டின, விட்டதும் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை உதிர்ந்தன.

சுவிட்சைத் தவிர்க்கவே கூடாது. கம்பியின் மின்தடை மிகக் குறைவு என்பதால், இணைப்பு நீடித்தால் கம்பியும் பேட்டரியும் சூடேறும்; ஆகவே காலிங் பெல் பொத்தானைப் போல விரலை எடுத்ததும் இணைப்பு விடுபடும் சுவிட்சையே பொருத்துங்கள்.