காதில் விழும் கையெழுத்து

நேற்று ராத்திரி பத்தரை மணி இருக்கும். என் ஹாம் ரேடியோவில், 40 மீட்டர் பேண்ட் என்கிற அலைவரிசைப் பகுதியில், சும்மா குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். இரைச்சலுக்கு அடியில் மெலிசாக ஒருவர் மோர்ஸில் சிக்யூ அடித்துக்கொண்டிருந்தார். 'யாராவது இருக்கீங்களா?' என்று ஊருக்கே பொதுவாகக் கூப்பிடுவதற்குப் பெயர்தான் சிக்யூ. கால் சைன், அதாவது அவருடைய நிலையத்தின் அடையாளப் பெயர், வருவதற்கு முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. க்யூ எழுத்தின் கடைசி 'டா'வை, அதாவது கோட்டுக்குரிய நீண்ட சத்தத்தை, அவர் எப்போதும் ஓர் இழுப்பு இழுப்பார். டா டா டி டாஆ. கேரளத்துப் பெரியவர், எண்பதைத் தாண்டியவர். நேரில் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. ஆனால் ஆயிரம் பேர் நடுவிலும் அந்த 'டாஆ'வை அடையாளம் சொல்லிவிடுவேன்.

எங்களைப் போலப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிற ஹாம்கள் இதை 'ஃபிஸ்ட்' என்பார்கள். நான் கையெழுத்து என்பேன். மோர்ஸ் அடிக்கிற எல்லோருக்கும் ஒரு கையெழுத்து உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ரேடியோவை ஒட்டுக்கேட்க பிரிட்டன் சேர்த்துக்கொண்ட தன்னார்வலர்களில் ஏராளமானோர் ஹாம்கள். வீட்டு அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, விழுந்ததையெல்லாம் காகிதத்தில் எழுதினார்கள். செய்தி சங்கேதத்தில் இருக்கும், ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் கால் சைனையும் அலைவரிசையையும் மாற்றிக்கொண்டு வந்த எதிரியை, அடிக்கிற கையை வைத்தே 'இவன் அவன்தான்' என்று பிடித்துவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'இந்தக் காலத்தில் எதுக்குங்க மோர்ஸ்?' என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஒரு தயார் பதில் வைத்திருப்பார்கள்: 'குரல் போகாத இடத்துக்கும் மோர்ஸ் போகும்.' பொய்யில்லை. குரல் அனுப்ப ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். இருக்கிற சக்தியெல்லாம் ஊசி முனையில் சேர்வதுபோல அந்தச் சின்ன இடத்தில் சேரும். 5 வாட்டில், அதாவது பழைய குண்டு ஜீரோ வாட்ஸ் பல்பைவிடக் குறைந்த சக்தியில், கடல் தாண்டிப் பேசலாம்.

ஆனால் அந்தப் பதில் 2017-லேயே செத்துவிட்டது என்பது என் கட்சி. அந்த வருடம்தான் எஃப்டி8 என்ற, கணினியே கணினியோடு பேசுகிற முறை வந்தது. செய்தவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், பல்சர் ஆராய்ச்சிக்காக 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர், ஹாமும்கூட. காதுக்கே எட்டாமல் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கிற சிக்னலைக்கூட அது தோண்டி எடுத்துத் திரையில் காட்டிவிடும். பலவீனமான சிக்னல்தான் பிரச்சினை என்றால் மோர்ஸ் தோற்றாயிற்று. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

நானும் ஒரு மாதம் எஃப்டி8 பைத்தியமாக இருந்தேன். 15 வினாடிக்கு என் கணினி பேசும், அடுத்த 15 வினாடிக்கு எதிராளியின் கணினி பேசும். சிக்னல் அளவைப் பரிமாறிக்கொண்டதும் முடிந்தது. ஒரு நாள் டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் ஜப்பான்காரர் ஒருவரோடு எனக்குத் தொடர்பு முடிந்து பதிவேட்டிலும் ஏறியிருக்கிறது. நான் அடுப்படியில் இருந்திருக்கிறேன். அவர் எங்கே இருந்தாரோ.

மோர்ஸில் அது நடக்காது. சத்தத்தை எழுத்தாக மாற்றுகிற வேலை இரண்டு காதுக்கும் நடுவில் நடக்கிறது. அதற்கும் செயலிகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. இயந்திரம் அனுப்பினால் அழகாகப் படிக்கும். நம் பெரியவர் மாதிரி ஒருவர் ஒவ்வொரு சத்தத்தையும் கையாலேயே அழுத்த வேண்டிய பழைய ஸ்ட்ரெய்ட் கீயில் அடித்தால் உளறிக் கொட்டும். எனக்கு அதில் ஓர் அல்ப சந்தோஷம்.

இன்னொரு காரணமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மோர்ஸ் டிரான்ஸ்மிட்டரை விரலளவு பலகையில் நீங்களே பற்றவைத்துச் செய்துவிடலாம். பிக்ஸி என்று ஒரு கிட், இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு சிப், ஒரு கிரிஸ்டல், அவ்வளவுதான். நான் சூடுபட்டுச் செய்த முதல் பிக்ஸி, ஒரு வாட்டுக்கும் குறைவாகவே கொடுக்கும், ஹைதராபாத் வரை கேட்டது. அந்தப் பெருமையிலேயே ஒரு வாரம் ஓடியது.

கற்றுக்கொண்ட கதைதான் பெரிய கதை. முதலில் சொல்லிக்கொடுத்தவர் கையில் ஒரு அட்டவணையைக் கொடுத்து, புள்ளியும் கோடுமாக மனப்பாடம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். நான் தேர்வுக்குப் போனபோது ஜெனரல் கிரேடு உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் வருவதைக் கேட்டு எழுத வேண்டும். 8 வார்த்தையில் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 0.15 வினாடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் மனசில் ஒரு புள்ளி வைத்து, எண்ணி, அட்டவணையைத் தேடி, எழுத்தைக் கண்டுபிடித்துத் தலை நிமிர்ந்தால் மூன்று எழுத்து ஓடிப்போயிருக்கும். முதல் தடவை ஃபெயில்.

அட்டவணையைத் தூக்கி எறிந்த பிறகுதான் வந்தது. மிருதங்கம் கற்றுக்கொடுப்பவர் முதல் நாளே தாளைக் கொடுப்பதில்லை, தா தீ தொம் நம் என்று வாயால் சொல்லவைப்பார். இதுவும் அப்படித்தான். புள்ளியின் சத்தமான டிட் ஒரு மாத்திரை. ஒரு டா மூன்று மாத்திரை. நெடில்கூட இரண்டுதானே, அப்படியென்றால் டா என்பது அளபெடை! ஒரே எழுத்துக்குள் இருக்கும் சத்தங்களுக்கு நடுவே ஒரு மாத்திரை மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே ஏழு. பள்ளிக்கூடத்தில் நேர், நிரை என்று அசை பிரித்துத் திட்டு வாங்கிய எனக்கு இது எங்கோ கேட்ட கணக்காக இருந்தது.

லுட்விக் கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1930களிலேயே இதைத்தான் சொன்னார். மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டாதே. முதல் நாளே முழு வேகத்தில் இரண்டே எழுத்து கேள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவதைச் சேர். 20 வார்த்தை வேகத்தில் ஒரு டிட் 0.06 வினாடி, எண்ண நேரமே கிடையாது. எழுத்து அதன் ஓசையாகவே காதில் உட்காரும். எனக்கு முதலில் உட்கார்ந்தது க்யூ. டாடாடிடா. ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற கண்டக்டர் விசிலை ஊதியது 'ஆர்' என்ற எழுத்தாகக் கேட்டது. அன்றைக்குத் தெரிந்தது, இனிமேல் நம்மைக் காப்பாற்ற முடியாதென்று.

இதில் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. 'மோர்ஸ் தெரியாதவன் ஹாமே இல்லை' என்று சில மூத்தவர்கள் சொல்வார்கள். அபத்தம். 2003-ல் ஜெனீவா மாநாட்டில், சிற்றலையில் (ஷார்ட் வேவ்) பேச மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதியை எடுத்து, அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டார்கள். அமெரிக்கா 2007-ல் தேர்வையே நிறுத்தியது. அத்தோடு மோர்ஸ் செத்தது என்று ஒப்பாரி வைத்தவர்கள் எத்தனையோ பேர். கப்பல்காரர்களும் 1999-லேயே கைகழுவியாயிற்று. ஆனால் நவம்பர் கடைசியில் உலக சிடபிள்யூ (மோர்ஸுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்) போட்டி நடக்கிற சனி, ஞாயிறில் ரேடியோவைத் திறந்து பாருங்கள், பேண்டின் கீழ்ப்பக்கம் சந்தைக்கடைதான், கால்வைக்க இடமிருக்காது. தேர்வுக்காகப் படித்தவர்கள் பாதிப் பேர் தேர்வோடு மறந்துவிட்டார்கள். யாரும் கேட்காமல் படிக்க வந்தவர்கள்தான் இன்றைக்கும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூத்தும் இருக்கிறது. சிக்னல் எப்படிக் கேட்கிறது என்பதற்கு 599 என்றால் பிரமாதம் என்று பொருள். எல்லோரும் எல்லோருக்கும் 599தான் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு 'உங்க பேர் கேக்கலை, திரும்பச் சொல்லுங்க' என்பார்கள். கல்யாண வீட்டில் 'சாப்பாடு எப்படி?' என்று கேட்டால் வருகிற பதில் மாதிரி.

அப்புறம், மோர்ஸில் நீ, நீங்கள் வித்தியாசம் கிடையாது. எல்லோரும் ஓஎம், அதாவது கிழவர். எண்பது வயதுக்காரர் என்னை ஓஎம் என்று அழைக்கிறார், நான் அவரை அழைக்கிறேன். நேரில் பார்த்தால் எனக்கு சேட்டா என்று கூப்பிடக்கூட வாய் வராது, சார் என்றுதான் வரும்.

அவர்தான் என் முதல் மோர்ஸ் தொடர்பு. எட்டு வருடம் ஆகிறது. கை நடுங்க நான் அடித்த சிக்யூவுக்கு அவர் பதில் வந்தது. 18 வார்த்தையில் பறக்கிறவர், எனக்காக 8-க்கு இறங்கி வந்தார். கூப்பிடுகிறவரின் வேகத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது இங்கே மரியாதை. என் பெயரையே நான் தப்பாக அடித்தேன். 'ஹெச்ஐ ஹெச்ஐ' என்று மோர்ஸில் சிரித்துவிட்டு, 'ஃபைன் ஓஎம்' என்றார்.

நேற்று அவருடைய வேகம் 10-கூட இருக்காது. எஸ்ஸுக்கு மூன்று டிட் வேண்டிய இடத்தில் கை நிற்காமல் நான்காவதும் விழுந்து ஹெச் ஆகிறது. தெரிந்து, அழித்து, திரும்ப அடிக்கிறார். தொட்டாலே புள்ளியும் கோடும் தானாக விழுகிற 'பேடில்' கருவியை வாங்கினால் கைக்குச் சுலபம் என்று போன மாதம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மழை பெய்கிறது என்றார், முழங்கால் வலி என்றார், பேத்தி வந்திருக்கிறாள் என்றார். இதைச் சொல்ல இருபது நிமிடம் ஆனது. நான் என் பேடிலோடு இருக்கும் கீயரின் வேகக் குமிழை 10-க்கும் கீழே இறக்கி வைத்துக்கொண்டு பதில் அடித்தேன்.